"அப்பா என்ன செய்கிறார்?"

(யூபிலி விழா இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் மலையிலிருந்து இறங்கிப் படித்த பிள்ளைகள் சிலர் இன்று கம்பெனிகளில் மனிதவளத் துறையில் வேலை தேடுகிறார்கள். முன்பெல்லாம் பெர்சனல் டிபார்ட்மெண்ட் என்போம். 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டுமென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஆள் எடுப்பதும், பழக்குவதும், குறை கேட்பதும் இத்துறையின் வேலை. ஆனால் நேர்முகத் தேர்வில் "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டதும் நம் பிள்ளை தலைகுனிந்து விடுகிறான். சாமை விதைக்கிறார் என்று சொல்ல நாவெழவில்லை!

இந்த மலையில் வளர்ந்த ஒருவரைப் பாருங்கள். டாக்டர் பால் பிராண்ட். சபை வேறு என்றாலும் நம் மலைக்காரர்தான். தந்தை ஜெசி பிராண்ட் இங்கே வீடு கட்டினார், பள்ளி நடத்தினார், தச்சுவேலை கற்றுக்கொடுத்தார். 9 வயதில், 1923இல், மகனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் தந்தை இங்கே காய்ச்சலில் இறந்தார். மகன் பள்ளி முடித்ததும் மருத்துவத்துக்கா போனார்? இல்லை, தந்தையைப்போல் கட்டடத் தொழிலுக்குப் போனார். உளி பிடித்த பிறகே கத்தி பிடித்தார்.

1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். ஆனால் கை நேரானவனுக்குப் பிச்சை குறைந்தது. வேலையோ எவரும் தரவில்லை. அதனால் நவஜீவ நிலையம் எழுந்தது. குணமானவர்கள் அங்கே தச்சு பழகினார்கள். உணர்ச்சியற்ற கையில் எந்தப் பிடி புண்ணாக்கும், எது ஆக்காது என்று தச்சராயிருந்த மருத்துவருக்குத் தெரிந்தது. எந்தக் கைக்கு எந்த வேலை என்று பார்ப்பதுதானே மனிதவளத் துறை? அந்தப் பார்வையை அவர் தகப்பனாரிடமிருந்தே பெற்றார் என்பேன்.

உங்கள் வீட்டிலும் அப்படியொன்று உண்டு. ஊர்க்கவுண்டர் முன் இரு தரப்பும் பேசி முடிக்கும்வரை பொறுத்துக் கேட்பதைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறீர்கள். தொழிலாளியின் குறையைக் கேட்க வேண்டியவருக்கு அதைவிடப் பயிற்சி ஏது? கூலிக்குப் போன தாய் சனிக்கிழமை எதற்காகக் காத்திருப்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று பட்டணத்து அதிகாரிக்குப் புத்தகம் சொல்ல வேண்டும்.

வீடு தருவதெல்லாம் நல்லதென்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பஞ்சாயத்தில் பெண்களின் குரல் எவ்வளவு எழுகிறது? நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்வோரில் பெரும்பகுதி இளம்பெண்கள். அவர்கள் புகார் சொல்ல வரும்போது, "பெரியவர்கள் பேசிக்கொள்வோம், நீ போம்மா" என்று அனுப்பினால், நீங்கள் படித்த படிப்பு வீண். "நம்ம பையன்" என்று உறவுக்காரனுக்கு இடம் தருவதும் வீட்டிலிருந்து வரும் நோய்தான். சொந்தம் விண்ணப்பித்தால், தேர்வுக் குழுவிலிருந்து எழுந்து விடுங்கள். மாமாவுக்குக் கோபம் வரும், வரட்டும்.

அடுத்த மாதம் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் ஞாயிறு பூசைக்குப்பின் என்னிடம் வாருங்கள். நானே கேள்வி கேட்டுப் பழக்குகிறேன். முதல் கேள்வி எதுவென்று தெரியுமல்லவா?