மாறிவரும் தொழிலகமும் மனிதவள அதிகாரியும்

ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் நமக்கு, தொழிலகத்தின் வாயிலில் நம்மைத் தேர்ந்தெடுப்பவர் யார், பின்னர் நம் குறையைக் கேட்பவர் யார் என்னும் கேள்விகள் மிக நெருக்கமானவை. அப்பொறுப்பை உடையவரை முன்னாளில் தொழிலாளர் நல அதிகாரி என்றோம். இந்நாளில் மனிதவள அதிகாரி என்கிறோம். பெயர் மாறியதைப் போலவே அவர் பணியாற்றும் களமும் மாறியிருக்கிறது. அம்மாற்றம் அவர்முன் வைக்கும் சோதனைகளை இன்று சிறிது ஆராய்வோம்.

இப்பதவி பிறந்த வரலாற்றை முதலில் நினைவுகூர்வது நலம். பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் ஆள் எடுப்பதும் நீக்குவதும் 'ஜாபர்' எனப்பட்ட மேஸ்திரியின் கையில் இருந்தன. கல்கத்தாச் சணல் ஆலைகளில் அவர் சர்தார், தோட்டங்களில் கங்காணி. வேலை வேண்டியவர் அவருக்குத் 'தஸ்தூரி' என்னும் கையூட்டுக் கொடுக்க வேண்டும். பல சமயங்களில் வட்டிக்குக் கடனும் அவரிடமே வாங்க வேண்டும். ஆயினும், வெளியூரிலிருந்து வந்தவரின் மொழியை அறிந்தவரும் பெரும்பாலும் அவரே. அவருடைய பலம் அதில்தான் இருந்தது.

1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் இம்முறையின் தீமைகளை எடுத்துக்காட்டி, தொழிலாளர் அதிகாரிகளை நியமிக்குமாறு பரிந்துரைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் ஆலைகளில் நல அதிகாரி இருக்க வேண்டும் என விதித்தது. ஜாம்ஷெட்பூரில் 1949-இல் சேவியர் தொழிலாளர் உறவுக் கழகம் தோன்றி, இத்துறைக்கு வேண்டிய பயிற்சியை அளிக்கலாயிற்று. ஆக, இடைத்தரகரை விலக்கி, முதலாளியையும் தொழிலாளியையும் நேருக்கு நேர் பேசவைப்பதே இப்பதவியின் மூலநோக்கம்.

அந்த இடைத்தரகர் இன்று வேறு உருவங்களில் திரும்பி வந்திருக்கிறார் என்பதே நாம் கூற விழைவது.

முதல் உருவம் ஒப்பந்ததாரர். ஒரே கூரையின்கீழ், ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் கம்பெனியின் ஆள். மற்றவர் ஒப்பந்ததாரரின் ஆள். பின்னவர் குறையோடு வந்தால், 'நீர் எங்கள் பட்டியலில் இல்லையே' என்று அதிகாரி சொல்லிவிடுவது எளிது. ஆனால் விபத்து நேரும்போது இயந்திரம் பட்டியலைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது உருவம் கணிப்பொறி. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் சலித்தெடுப்பது அதுவே. வீடுதோறும் உணவு கொண்டுசேர்க்கும் இளைஞருக்கு வேலையைப் பகிர்ந்தளிப்பதும் கைப்பேசிச் செயலியே. மேஸ்திரியிடமாவது மன்றாடலாம், செயலியிடம் எங்ஙனம் மன்றாடுவது? அதன் முடிவுக்குக் காரணம் கூறவும், தவறாயின் திருத்தவும் பெயரும் முகமும் உடைய ஒருவர் வேண்டும். அவ்வொருவராக நிற்பதே மனிதவள அதிகாரியின் புதிய கடமை.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அவருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். அவரை நம்ப வேண்டியவர் தொழிலாளி. ஆட்குறைப்புக் கடிதத்தை நீட்டும் கையே ஆறுதலும் கூற வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கடம் பழையதே எனினும், வேலை நிலையற்றதாகும் இக்காலத்தில் மிகுதிப்பட்டுவிட்டது.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. மத்திய அரசின் இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. நியமனக் கடிதம் அளிப்பது முதலாளியின் கடமையாகியுள்ளது. நல அதிகாரி வேண்டும் என்னும் எல்லை ஐந்நூறிலிருந்து இருநூற்றைம்பது பேராகக் குறைந்துள்ளது. ஒப்பந்ததாரர் அழைத்து வந்தவர் மட்டுமின்றி, தாமாகவே வேறு மாநிலம் சென்று வேலை பெற்றவரும் இடம்பெயர்ந்த தொழிலாளர் என்னும் வரையறைக்குள் வருகிறார். செயலிவழி உழைப்போரையும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கணக்கில் கொள்கிறது.

ஆனால் கடிதத்தைக் கொடுக்கச் சொல்வதோடு சட்டம் நின்றுவிடும். அதில் கண்டுள்ள கூலி, நேரம், விடுப்பு ஆகியவற்றைப் பெறுபவருக்குப் புரியும் மொழியில் விளக்குவது அதிகாரியின் மனச்சான்றைப் பொறுத்தது. மொழி தெரியாமையே அன்று மேஸ்திரியை வளர்த்தது. இன்று ஒப்பந்ததாரரையும் அதுவே வளர்க்கிறது.

பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் இப்பதவி வகிக்கும் தமிழர்கள் உண்டு. அயல்மொழியின் நடுவே வேலை தேடுவதன் துன்பத்தை அவர்கள் அறிவார்கள். பிற மாநிலங்களில் நாம் எதிர்பார்க்கும் மரியாதையையே, தமிழ்நாட்டு ஆலைகளை நாடி வரும் ஒடிசா, பீகார்த் தொழிலாளரும் எதிர்பார்க்கின்றனர். எவ்வூர் வாயிலாயினும், வந்தவரின் பெயரைக் கேட்டு, அவர் சொல்வதைச் செவிமடுக்க ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும். அத்தகையவர் இருக்கும் தொழிலகத்தில் இடைத்தரகருக்கு வேலை இராது.