அமிர்தமகால் மந்தை தரும் படிப்பினை



சித்தேரி மலைச் சரிவுகளில் ஏர் பிடிப்பவருக்கு நல்ல காளையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய காளைகளை ஓர் அரசாங்கம் எவ்வாறு பேணிற்று, எவ்வாறு இழந்தது, எவ்வாறு மீண்டும் தேடிற்று என்பதே இங்குக் கூறப்படும் விஷயமாகும்.

நம் ஜில்லாவுக்கு மேற்கேயுள்ள மைசூர்ச் சீமையில், சிக்கதேவராஜ உடையார் (1672–1704) அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் உதவும் பொருட்டு, 'வெண்ணெய்ச் சாவடி' என்னும் பொருள்பட ஒரு மந்தை இலாகாவை ஏற்படுத்தினார். ஹைதர் அலி அம்மந்தைக் காளைகளைப் பீரங்கி இழுக்கப் பயன்படுத்தினார். திப்பு சுல்தான் அதற்கு அமிர்தமகால் என்று பெயரிட்டார்.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மந்தை மேற்பார்வையின்றிச் சீர்குலைந்தது. 1813-இல் சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்த காப்டன் ஹார்வி என்பவரிடம் அது ஒப்புவிக்கப்பட்டது. பின்னர் நன்கு பெருகிற்று. அதற்குக் காரணம் ஒழுங்கேயாம். 'காவல்' எனப்படும் மேய்ச்சல் நிலங்களைக் கோடைக்கும் மழைக்கும் குளிருக்கும் தனித்தனியே வகுத்தனர். தேர்ந்த பொலிகாளைகளையே மந்தையில் விட்டனர்.

1860-இல் சிக்கனத்தைக் கருதி மந்தை முழுவதும் கலைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே பட்டாளத்திற்கு ஏற்ற எருதுகள் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே 1866-இல் அதே சர்க்கார் மந்தையைத் திரும்பத் தொடங்க நேர்ந்தது. 1882-இல் அது மைசூர் சமஸ்தானத்தின் வசம் சென்றது. பல தலைமுறைகளாகச் சேர்த்ததைக் கலைக்க ஓர் உத்தரவு போதும். திரும்பச் சேர்ப்பதற்கோ நெடுங்காலம் வேண்டும்.

பென்னாகரத்துப் பக்கங்களில் பேர்பெற்ற ஆலம்பாடி மாடும் இந்த மைசூர் இனவகையைச் சார்ந்ததே. அதுவும் இக்காலத்தில் மிகக் குறைந்துவிட்டது. வறட்சியில் தீவனம் இல்லையென்று சினைப்பசுவையும், கைச்செலவுக்கென்று வளரும் நல்ல கன்றையும் சந்தைக்கு ஓட்டுகிறவர், சர்க்கார் 1860-இல் செய்த பிழையையே தம் தொழுவத்தில் செய்கிறார்.

தனியொருவரால் பொலிகாளையை வைத்துப் பராமரிப்பது கடினம். சங்கமாகச் சேர்ந்தால் எளிது. ஆகவே ஊருக்கு ஒரு தேர்ந்த காளையைச் சங்கம் பராமரிக்கட்டும். தரங்குறைந்த காளைக்கன்றுகளுக்கு உரிய பருவத்தில் காயடிக்கட்டும். அறுப்புக் காலத்து வைக்கோலையும் தட்டையையும் போராகச் சேமித்துக் கோடையில் பங்கிடட்டும். மேய்ச்சல் நிலத்தின் ஒரு பாகத்தை மழைக்காலத்தில் மூடிவைத்துப் புல் வளர இடங்கொடுக்கட்டும். மாட்டை விற்க நெருக்கடி நேர்ந்த அங்கத்தினருக்குச் சங்கம் சிறுகடன் உதவினால் நல்ல பசு ஊரிலேயே தங்கும். அதன் கன்றுகளும் ஊருக்கே ஏர் இழுக்கும்.