ஆற்றோர மேட்டில் என்ன விதைக்கலாம்?

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2006 இல் விட்டுப்போன வெருகல் ஆற்றங்கரைக் காணிகளுக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள். தோட்டம் இருந்த இடத்தில் பற்றை நிற்கிறது. வேலியும் இல்லை, வரம்பும் தெரியவில்லை. கையில் இருப்பது நிவாரணமாகக் கிடைத்த கொஞ்ச விதையும் ஒரு மண்வெட்டியும்தான். அந்த விதை ஒரு தடவைதான் கிடைக்கும். பொருந்தாத மண்ணில் போட்டுவிட்டால் அடுத்த போகம் வரை அடுப்புக்கு என்ன வழி என்று யோசிக்க வேண்டி வரும். ஆகவே இன்று உரம், பூச்சி, கடன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஆற்றை ஒட்டிக் கிடக்கும் மேட்டு மண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மகாவலி மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடி வரும் ஆறு. வெருகல் அதன் ஒரு கிளை. மாரியில் ஆறு கரை கடக்கும்போது தண்ணீரின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தவுடன் பாரமான மணலும் பருமனான வண்டலும் கரையோரத்திலேயே விழுந்துவிடும். நுண்ணிய களி மட்டும் தண்ணீரோடு உள்ளே போய், பள்ளத்தில் தேங்கி, மெல்ல மெல்ல அடியில் படியும். எத்தனையோ தலைமுறையாக இப்படி நடந்ததால்தான் ஆற்றோரம் மேடாகவும் அதற்கு அப்பால் பள்ளமாகவும் இருக்கிறது. மேடு என்றதும் குன்றை நினைக்க வேண்டாம். சில இடங்களில் இரண்டு மூன்று அடி உயரம்தான், கண்ணுக்கே தெரியாது. வெள்ளம் வடியும்போது முதலில் வெளியே தெரிந்த நிலம் எதுவென்று ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். அவர்கள் விரலை நீட்டிக் காட்டுவார்கள்.

அந்த மேட்டு மண்ணின் குணம் என்ன? தண்ணீரை உள்ளே விடும், ஆனால் தேக்கி வைக்காது. கனத்த மழை பெய்து ஒன்றிரண்டு நாளில் அதில் இறங்கி வேலை செய்யலாம். வேர் ஆழமாகப் போகும், மூச்சு விடும். பள்ளத்துக் களி இதற்கு நேர்மாறு. அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது நெல்லுக்கு உரிய மண்.

உங்கள் காணி எந்தப் பக்கம் என்பதைத் தோண்டித்தான் அறிய முடியும். ஆனால் ஒரு விடயம். மிதிவெடி அகற்றிப் பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் மண்வெட்டியைப் போட வேண்டாம். வெள்ளம் வெடிபொருட்களை இடம் மாற்றிவிடும். முன்பு பார்த்துத் துப்புரவாக்கிய ஆற்றோரத்தில்கூடப் புதிதாக ஏதாவது கிடக்கலாம். பாவிக்காமல் விட்ட கிணறுகளிலும் இறங்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய்க் கிராம சேவையாளருக்கு அறிவியுங்கள்.

காணி பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகு, மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். குழியின் சுவரைப் பாருங்கள். அடி வரைக்கும் கபில நிறமாக இருந்தால் அது நன்றாக வடியும் மண். சாம்பல் நிறமோ, சாம்பலுக்குள் துருப்பிடித்தது போலச் செம்மஞ்சள் புள்ளிகளோ தெரிந்தால், அந்த ஆழத்தில் வருடத்தில் சில மாதங்கள் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். புள்ளி ஒரு அடிக்குள்ளேயே தொடங்கினால் அங்கே கச்சான் போடவே வேண்டாம். பிறகு ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். உருண்டை பிடிக்கும், ஆனால் கயிறு போலத் திரிக்கப் போனால் உடைந்துவிடும் என்றால் நல்லது. உருண்டையே பிடிக்காவிட்டால் அது வெறும் மணல். பாம்பு போல நீளமாகத் திரிந்தால் களி.

இன்னும் சந்தேகம் என்றால் ஒரு அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடியும் நிரப்பி, ஒரு தடியை நட்டு, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்கும் குறைவென்றால் வடிகால் போதாது. நாலு அங்குலத்துக்கு மேல் போனால் தண்ணீர் நிற்காத மணல். இரண்டு மூன்று அங்குலம் இறங்கினால் தோட்டத்துக்கு அதைவிட நல்ல மண் தேட வேண்டியதில்லை. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, ஒரு காலை நேரம் போதும். காணியின் ஒரு மூலையில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஆற்று மண் பத்து யாருக்குள் மாறும்.

இப்போது விதைக்கு வருவோம். நெல் இல்லாத காணியைக் காணி என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. அது எனக்கும் தெரியும். ஆனால் இந்த மேட்டில் வரம்பு கட்டி, காலையில் மறித்த தண்ணீரைப் பின்னேரம் தேட வேண்டாம். எண்ணெய் ஊற்றி மெசினை ஓட்டி ஓட்டியே கையில் உள்ளது கரைந்துவிடும். நெல்லைப் பள்ளத்துக்கு விடுங்கள். மேட்டுக்கு உரியது கச்சான். கச்சான் பூத்த பிறகு அதன் ஊசி மண்ணுக்குள் இறங்கித்தான் காய்க்கும். இறுகிய மண்ணில் ஊசி இறங்காது, இறங்கினாலும் பிடுங்கும்போது காய் உள்ளேயே அறுந்து நிற்கும். பொருபொருத்த ஆற்று மண்ணில் செடியைப் பிடித்து இழுத்தால் காயோடு வரும்.

காலம் முக்கியம். வடகீழ்ப் பருவமழையில் ஆறு எகிறும் மாதங்கள் கார்த்திகை, மார்கழி, தை. அப்போது தாழ்ந்த கரையில் விதையைப் போடுவது ஆற்றுக்குக் கொடுப்பது போல. வெள்ளம் வடிந்து, தையின் கடைசியிலோ மாசியிலோ ஈரம் காய முன்னர் விதைத்தால், பயறு இரண்டு மாதத்துக்குச் சற்று மேலே கைக்கு வரும். கௌபியும் ஏறத்தாழ அப்படித்தான். கச்சானுக்கும் சோளனுக்கும் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். வீட்டில் சாப்பாட்டுக்கு இறுக்கம் என்றால் பயறை முதலில் பாருங்கள். சோளன் நல்ல பயிர்தான், ஆனால் யானையையும் கூப்பிடும்; காட்டை ஒட்டிய காணிக்காரர் காவலுக்கு ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள். கத்தரி, மிளகாய், மரவள்ளி, வாழை எல்லாம் இந்த மண்ணில் வரும். வெறும் மணல் தடிப்பாகப் படிந்த இடத்தையும் கைவிட வேண்டாம். குழி வெட்டி, மாட்டெருவும் மேல்மண்ணும் நிரப்பி, வத்தகையோ வெள்ளரியோ போடலாம்.

வண்டல் என்றால் எல்லாச் சத்தும் இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். மேட்டு மண் தண்ணீரை விடுவது போலவே யூரியாவையும் விட்டுவிடும். ஒரே தடவையில் அள்ளி எறிந்தால் பாதி பயிருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். பிரித்துப் பிரித்துக் கொஞ்சமாகப் போடுங்கள். வேலிக்குக் கிளிசிரிடியா நட்டால் குழையை வெட்டி மண்ணுக்குள் தாழ்க்கலாம். காய்ந்த சருகை எரிக்காமல் பயிரடியில் பரப்புங்கள். தண்ணீரும் அப்படியே: வாரத்துக்கு ஒருமுறை வெள்ளம் போலப் பாய்ச்சுவதைவிட இடைக்கிடை கொஞ்சமாக.

மண் விடும் தன்மையால் மலசலகூடமும் யோசனைக்கு உரியது. குழியில் உள்ளது வேகமாக நிலத்தடித் தண்ணீருக்குப் போகும். கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, கிணற்றைவிட உயரமான பக்கம் வராமல் அமையுங்கள். வீட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 1957 வெள்ளத்திலும் 1978 சூறாவளியிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுவிட்டு அத்திவாரம் வெட்டுங்கள். ஆற்றை ஒட்டிய ஒதுக்கு நிலம் எதுவரை என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

மணல் வாங்க உழவு மெசினோடு ஆட்கள் வருவார்கள். கையில் காசு இல்லாத நேரம், லோட் கணக்கில் விலை சொல்வார்கள். அந்தக் கரைமேடுதான் சின்ன வெள்ளத்தை மறிக்கிறது. அதைத் தோண்டிய இடத்தால் ஆறு உள்ளே வரும், முதலில் உங்கள் தோட்டத்துக்கு, பிறகு பக்கத்துக் காணிக்கு. கரையில் நிற்கும் மருத மரங்களையும் விறகுக்குத் தறிக்க வேண்டாம். அவற்றின் வேர்தான் கரையைப் பிடித்திருக்கிறது.

கச்சான் அறுவடை செய்ததும் முழுவதையும் வியாபாரிக்கு அளந்துவிடாதீர்கள். அடுத்த தடவை விதை கொடுக்க யாரும் வராமல் இருக்கலாம். திரண்ட காயாகப் பார்த்துத் தெரிந்து, குலுக்கினால் பருப்பு சத்தம் போடும் வரை காயவைத்து, கோதோடு சாக்கில் கட்டி, நிலத்தில் முட்டாமல் பலகை மேல் வையுங்கள். விதைக்கிற கிழமையில்தான் கோதை உடைக்க வேண்டும்.