வெனிஸ் கெட்டோவும் ஒரு தாள் எண்ணும்

வெனிஸ் நகரின் சாந்தா லூசியா ரயில் நிலையத்தில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் உடனே படகேறி சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் போய்விடுவார்கள். நாம் இன்று வேறு பக்கம் நடப்போம். கன்னரேஜோ கால்வாயின் மேலுள்ள குலியே பாலத்தைக் கடந்து, இடப்பக்கம் கரையோரமாகச் சிறிது தூரம் போனால், கட்டடத்துக்கு அடியில் தாழ்வான ஒரு நடைவழி வரும். அதற்குள் புகுந்து, ஒரு சிறு பாலத்தையும் தாண்டினால், நாற்புறமும் கால்வாய் சூழ்ந்த ஒரு திடல். 1516 மார்ச் 29 அன்று வெனிஸ் ஆட்சி மன்றம், நகரத்து யூதர்கள் இந்தத் திட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இரவில் வாயிற்கதவுகளைப் பூட்டினார்கள். கால்வாயில் காவல் படகுகள் சுற்றின. காவலுக்கான கூலியையும் யூதர்களே கட்ட வேண்டியிருந்தது. சனம் பெருகியது, இடம் பெருகவில்லை. ஆகவே வீடுகள் ஏழெட்டு மாடிக்கு உயர்ந்தன, ஒவ்வொரு தளத்தின் கூரையும் தாழ்ந்தது. அந்த வீடுகளை இன்றும் பார்க்கலாம். உலகத்துக்குக் கெட்டோ என்ற பெயரைக் கொடுத்த இடம் இது. ஆனால் கெட்டோ பூட்டப்பட்ட அதே ஆண்டுகளில், இதே நகரத்தில்தான் யூதர்களின் பெருநூல் ஒன்று முதன்முறையாக முழுமையாக அச்சேறியது. இந்த ஊரின் கதையில் மதில்களைவிட அந்த அச்சு நூல்தான் பெரிது என்பது என் கருத்து.

அந்த நூல் பாபிலோனியத் தல்மூத். யூதச் சட்டமும், அதன் மேல் நடந்த விவாதங்களும், கதைகளும் மருத்துவமும் கலந்து, இன்றைய ஈராக்கின் யூதக் கல்விக்கூடங்களில் ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டுவாக்கில் தொகுப்பாக உருவானது. வெனிஸில் யூதர்கள் சொந்தமாக அச்சகம் வைக்க அனுமதி இல்லை. ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த டேனியல் போம்பெர்க் என்ற கிறித்தவ வணிகர் 1520 வாக்கில் வேலையைத் தொடங்கி, 1523-க்குள் முழு நூலையும் அச்சிட்டு முடித்தார். மெய்ப்புப் பார்க்க யூத அறிஞர்களை அமர்த்தினார். யூதர்கள் மஞ்சள் தொப்பி அணிந்துதான் நடமாட வேண்டும் என்றிருந்த நகரத்தில், தம்மிடம் வேலை செய்த நால்வர் கறுப்புத் தொப்பி அணியட்டும் என்று அரசிடம் மனுவும் கொடுத்தார்.

அந்த நூலின் ஒரு பக்கத்தை மனக்கண்ணில் விரித்துக்கொள்ளுங்கள். நடுவில் சதுர எழுத்துகளில் மூலம். தையலை ஒட்டிய உட்பக்கத்தில், வேறு வகை எழுத்தில், பிரான்ஸ் நாட்டு அறிஞர் ராஷியின் உரை. அவர் 1105-இல் மறைந்தவர். வெளிப்பக்கத்தில் அவருக்குப் பின்வந்தவர்களின் விளக்கங்களும் மறுப்புகளும். மூலம் சுருங்கி உரை விரியும் இடங்களில் நடுப்பத்தி சில வரிகளாக ஒடுங்கி, உரைகள் சுற்றிலும் அடர்ந்து நிற்கும். ஒவ்வொரு தாளிலும் ஓர் எண். முகப்புத் தாளை ஒன்று என்று கணக்கில் கொள்வதால், ஒவ்வொரு பகுதியின் பாடமும் இரண்டாம் தாளில்தான் தொடங்கும். பார்வையாளர்களின் கண் பக்கத்தின் அழகிலேயே நின்றுவிடுகிறது. நான் முதன்மையாகக் கருதுவது அந்த எண்ணை.

இதில் போம்பெர்க்குக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. மூலத்தைச் சுற்றி உரைகளை அமைக்கும் முறையை அவருக்கு முன்பே, 1480-களில், இத்தாலியின் சொன்சினோ குடும்பத்தார் தல்மூதின் தனிப் பகுதிகளை அச்சிட்டபோது கையாண்டார்கள். அது உண்மைதான், பக்க அமைப்பின் பெருமை அவர்களுக்கே உரியது. போம்பெர்க் லாபத்துக்காகத்தானே செய்தார் என்பார்கள். அதையும் மறுக்க வேண்டியதில்லை. முழு நூலையும் ஒரே அளவில், தாள் எண்ணோடு கொடுத்தவர் அவர். நோக்கம் எதுவானாலும் விளைவு மாறவில்லை. எண் என்பது அச்சகத்தாரின் வசதிக்கான வெறும் குறி என்பது இன்னொரு வாதம். அப்படியானால் அடுத்து வந்தவர்கள் அதை மாற்றியிருப்பார்கள். போட்டியாளரான ஜுஸ்தினியானி 1546 முதல் 1551 வரை வெனிஸிலேயே வெளியிட்ட பதிப்பும், 1880-களில் வில்னா நகரத்தில் ரோம் குடும்பத்தார் அச்சிட்டு இன்றுவரை மறுபதிப்பாகி வரும் பதிப்பும் அதே தாள் கணக்கைத்தான் பின்பற்றின.

அந்த எண்ணின் பலத்தை நெருப்பு காட்டியது. 1240-களில் பாரிஸில் வண்டி வண்டியாகத் தல்மூத் கையெழுத்துப் பிரதிகளை எரித்தார்கள். இடைக்காலத்திலிருந்து ஏறத்தாழ முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பிரதி. 1342-இல் எழுதப்பட்டது, மியூனிக்கில் இருக்கிறது. போப் பத்தாம் லியோ காலத்தில் அச்சாக அனுமதி பெற்ற நூல், மூன்றாம் ஜூலியஸ் காலத்தில் குற்றவாளியாயிற்று. 1553 செப்டம்பரில் ரோமில் எரித்தார்கள்; அக்டோபரில் வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்திலேயே எரித்தார்கள். இத்தாலியில் தல்மூத் அச்சு நின்றுபோனது. ஆனால் அச்சுப் பிரதிகள் அதற்குள் எல்லை தாண்டிவிட்டன. போலந்திலும் பின்னர் ஆம்ஸ்டர்டாமிலும் மறுபடி அச்சிட்டபோது, எந்தத் தாளில் எந்த விவாதம் என்ற கணக்கு கலையவில்லை. ஓர் ஊரில் எழுதிய உரையை வேறோர் ஊரில் படிப்பவர், எண்ணைக் கொண்டே மேற்கோளைத் தேடி எடுத்துவிடலாம். துரத்தப்பட்டுக்கொண்டே இருந்த ஒரு மக்களுக்கு இது பெரிய பிடிமானம்.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1956-இல் நடந்த ஒரு கண்காட்சிக்கு, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலய நூலகத்திலிருந்து போம்பெர்க் பதிப்பின் ஒரு தொகுதி வந்திருந்தது. அதைக் கண்ட வைர வணிகர் ஜாக் லன்சர், பல ஆண்டுகள் முயன்று, அந்தத் தேவாலயத்தின் பழைய சாசனம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, பதிலுக்கு அந்த நூல் முழுவதையும் பெற்றார். 2015 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் அது 93 லட்சம் டாலருக்குப் போனது. அந்தப் பிரதி புத்தம் புதிதுபோல் இருந்ததற்குக் காரணம், நூற்றாண்டுக் கணக்கில் அதை யாரும் புரட்டிப் படிக்காததுதான். படித்துத் தேய்ந்த பிரதிகளே அந்த நூலின் வேலையைச் செய்தவை என்று நான் சொல்வேன்.

அந்த வேலை இன்றும் தொடர்கிறது. 1923-இல் வியன்னாவில் நடந்த ஒரு யூத மாநாட்டில் யூத மதகுரு மெயிர் ஷாபிரோ ஒரு யோசனை சொன்னார்: உலகெங்கும் உள்ள யூதர்கள் நாளுக்கு ஒரு தாள், எல்லோரும் அதே தாள், படிக்க வேண்டும். எல்லார் கையிலும் ஒரே எண் இருந்ததால்தான் அது நடந்தது. மொத்தம் 2,711 தாள்கள். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள். பதினான்காவது சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது; 2027 ஜூனில் நிறைவடையும்.