சமயக் கட்டளைகளும் நாவடக்கமும்



வெள்ளவத்தையில் காலி வீதியிலும் அதன் ஒழுங்கைகளிலும் ஒரு மாலைப்பொழுதில் நடந்து செல்பவரின் காதில் நான்கு சமயங்களின் ஒலியும் விழும். மயூரபதி அம்மன் ஆலயத்தின் மணியோசை, புனித லோரன்ஸ் தேவாலயத்தின் பாடல், பள்ளிவாசலின் பாங்கொலி, விகாரையிலிருந்து வரும் பிரித் ஓதல் ஆகியவை ஒன்றையொன்று தடுக்காமல் காற்றில் கலந்து நிற்கும். இத்தனை அறவுரைகள் ஒலிக்கும் ஊரில் வாழும் நாம், அவற்றை எவ்வளவு தூரம் வாழ்க்கையாக்கியிருக்கின்றோம்? இன்றைய இலக்கிய உரையில் இதனைச் சிந்திக்க விரும்புகின்றேன். நான் சமய போதகன் அல்லன். இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். ஆகவே தமிழ் இலக்கியத்தின் வாசல் வழியாகவே இவ்விடயத்துள் நுழைகின்றேன்.

நமது பாடசாலைகளிலே சமய பாடத்துக்கு மணி அடித்ததும் வகுப்புப் பிரிந்துவிடும். சைவப் பிள்ளைகள் ஓர் அறையில் இருப்பர். கிறிஸ்தவப் பிள்ளைகள் இன்னோர் அறைக்குப் போவர். அடுத்த மணி அடித்ததும் தமிழ்ப் பாடத்துக்கு எல்லோரும் ஒரே கூரையின்கீழ் வந்து அமர்வர். தமிழ் இலக்கியமும் அத்தகைய ஓர் அறைதான். சமணர் தந்த நாலடியார், பௌத்தம் பேசும் மணிமேகலை, சைவத்தின் திருமந்திரம், வீரமாமுனிவரின் தேம்பாவணி, உமறுப்புலவரின் சீறாப்புராணம் எல்லாம் அங்கே பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றவர் நமது ஆறுமுக நாவலர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

இந்தச் சமயங்களின் அறக்கட்டளைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் ஒரு தமிழாசிரியனுக்கு முதலிலே கண்ணிற்படுவது அவற்றின் இலக்கணம். மோசேயின் பத்துக் கட்டளைகள் முன்னிலையில் அமைந்தவை. இறைவன் மனிதனைப் பார்த்து, 'நீ இதைச் செய்யாதே' என்கின்றான். திருக்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயமும் பெற்றோரைப் பேணல், உயிர்க்கொலை தவிர்த்தல், அநாதைகளின் பொருளைக் காத்தல், அளவையிலும் நிறுவையிலும் நேர்மை, செருக்கின்றி நடத்தல் என்று ஏவல் மொழியிலேயே பேசுகின்றது. பௌத்தரின் பஞ்சசீலமோ தன்மையில் அமைந்தது. கொலை, களவு, பிழையான காமம், பொய், மது ஆகிய ஐந்திலிருந்தும் விலகி நிற்பதாக மனிதன் தானே தனக்குக் கூறிக்கொள்ளும் உறுதிமொழி அது. திருமூலரைப் பாருங்கள். இயமம் என்ற ஒழுக்கத்தைச் சொல்லும் இடத்தில் அவர் ஏவவும் இல்லை. உறுதி எடுக்கவும் இல்லை. கொல்லாதவன், பொய் கூறாதவன், களவு இல்லாதவன், நடுவுநிலை உள்ளவன், பகுத்துண்பவன் என்று ஒரு மனிதனின் உருவத்தைப் படர்க்கையிலே தீட்டிக் காட்டுகின்றார்.

தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடமும் வந்துவிட்டன. இடம் வேறுபட்டாலும் சொல்லப்படும் அறம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது.

இதனை வகுப்பிலே விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், எல்லாச் சமயமும் கொல்லாதே எண்டுதானே சொல்லுது. அப்ப ஏன் சேர் சமயத்தின்ர பேரிலயே அடிபடுகினம்?" என்று கேட்டான். நேயர்களே, இது பிள்ளையின் கேள்விதான். ஆனால் பெரியவர்களாகிய நாம் விடை சொல்லக் கடமைப்பட்ட கேள்வி.

விடையின் ஒரு பகுதி மணிமேகலையிலே உள்ளது என்று நான் கருதுகின்றேன். அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும்போது தீவினைகள் பத்து என்கின்றார். உடலால் விளைவன மூன்று: கொலை, களவு, காமம். உள்ளத்தால் விளைவன மூன்று: பிறர் பொருளை விரும்புதல், வெகுளி, தவறான காட்சி. சொல்லால் விளைவனவோ நான்கு: பொய், கோள், கடுஞ்சொல், பயனில்லாத சொல். உடலுக்கு மூன்று, மனத்துக்கு மூன்று. நாவுக்கு மட்டும் ஒன்று கூட. வள்ளுவரும் புறங்கூறாமைக்கும் பயனில சொல்லாமைக்கும் வாய்மைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். மோசேயின் கட்டளைகளில் அயலானுக்கு எதிரான பொய்ச்சான்று விலக்கப்பட்டுள்ளது. திருக்குர்ஆன் புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிடுகின்றது. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறும் பணிக்கின்றது.

கொலை செய்யலாகாது என்ற கட்டளை மீறப்படுவதற்கு முன்னர், பொய் சொல்லலாகாது என்ற கட்டளை மீறப்பட்டு விடுகின்றது. நமது நாட்டின் வரலாறு இதற்குச் சாட்சி.

1883 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினம். கொட்டாஞ்சேனையிலே மொஹொட்டிவத்தே குணானந்த தேரரின் விகாரைக்கு வந்துகொண்டிருந்த பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுப் பெருங்கலகம் மூண்டது. ஊர்வலத்திலே கிறிஸ்தவத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் வருகின்றன என்ற வதந்தி கத்தோலிக்க மக்களிடையே பரவியிருந்தது. சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெள்ளவத்தையும் எரிந்தது. அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, 29 ஆம் திகதி, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்ப, மீண்டும் உயிர்கள் பறிக்கப்பட்டன. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாகக் கதை பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிலே இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். கடைக்குக் கல்லெறிந்தவர்கள் சிலர். அந்தக் கதையைக் கையடக்கத் தொலைபேசியில் மற்றவருக்கு அனுப்பிவிட்டு நித்திரைக்குப் போனவர்கள் பலர். அவர்களிலே ஒருவரும் தம்மைக் கட்டளையை மீறியவராக எண்ணியிருக்கமாட்டார்.

அப்படியானால் சொல்லைப் பற்றிய கட்டளையை எவ்வாறு கைக்கொள்வது? எழுத்துக்கு எழுத்து மெய் சொல்வதுதான் வாய்மையா? 1983 ஜூலையில் தம் அயலவரான தமிழரை வீட்டுக்குள் மறைத்துக் காத்த சிங்கள மக்கள் இருந்தார்கள். தேடி வந்த கும்பலிடம், "இங்கே தமிழர் யாருமில்லை" என்று சொல்லி அனுப்பியவர்களைப் பற்றி நம் மூத்தோர் இன்றும் நன்றியோடு பேசுகின்றனர். பஞ்சசீலத்தின் நான்காவது உறுதிமொழியை அந்த வீட்டுக்காரர் மீறினாரா? வள்ளுவரிடம் இதற்கு விடை உண்டு. வாய்மை என்பது எவருக்கும் தீங்கு தராத சொல் என்று வரையறுத்தவர் அவர். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் துணிந்து சொன்னார். இந்த விதிவிலக்கை நம் வசதிக்கு எடுத்துக்கொள்ளலாகாது. வாசலிலே நின்ற அந்த மனிதர் தம் உயிரைப் பணயம் வைத்தல்லவா அதனைச் சொன்னார்! பிறர் உயிருக்காகத் தன்னை ஆபத்துக்குள்ளாக்கும் சொல்லும், தன் மகிழ்ச்சிக்காகப் பிறரை ஆபத்துக்குள்ளாக்கும் சொல்லும் ஒரே தராசிலே வைக்கத்தக்கன அல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொய்ச்சான்று தீது என்றால், மெய்ச்சான்று சொல்லாமல் வாளாவிருப்பதும் நன்றன்று. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் சொந்த ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1983 ஐ ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம், இதனையும் அதே குரலில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும் நில்லுங்கள் என்ற கருத்துத் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் வருகின்றது. திருமூலர் தீட்டிய மனிதனிடமும் நடுவுநிலை இருந்ததை மறவாதீர்கள்.

தன்மை, முன்னிலை, படர்க்கை பற்றி முன்னர் சொன்னேன். நாம் பெரும்பாலும் கட்டளைகளைப் பிழையான படர்க்கையிலே படிக்கின்றோம். 'அவர்கள் கொல்கிறார்கள், அவர்கள் பொய் சொல்கிறார்கள்' என்று அடுத்த சமயத்தாருக்கு அவற்றை ஒப்படைத்துவிடுகின்றோம். எந்தச் சமயத்தின் கட்டளையாயினும் அதைத் தன்மைக்கு மாற்றிப் படிக்கும்போதுதான் அது ஒழுக்கமாகின்றது. இது பெரிய தவம் அன்று. அயலவரைப் பற்றி ஒரு செய்தி நம் கைக்கு வரும்போது, 'இது மெய்யா? இதை நான் சொல்வதால் யாருக்கேனும் தீங்கு வருமா?' என்று கேட்டு, விடை தெரியாவிட்டால் அதை நம்மோடு நிறுத்திக்கொள்வதிலிருந்து தொடங்கலாம்.