ஒரு சொட்டும் தொடாதவனுக்கு லிவர் கோளாறா?

(மும்பை கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை. பாங்கில் 36 வருஷம் கணக்குப் பார்த்து ரிடையர் ஆனவன். என் உடம்பின் கணக்கு தப்பிப்போன கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன், ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 92 என்று வந்தது. 40க்குள் இருக்கவேண்டும் என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தது. இது லிவரின் செல்களுக்குள் இருக்கும் என்ஸைம். செல் காயப்பட்டால் ரத்தத்தில் கசியும். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ட்ரிங்க்ஸ் உண்டா?" என் முகம் சிவந்துவிட்டது.

உடனே என் அண்ணா ஞாபகம் வந்தார். சந்தியாவந்தனம் தவறாதவர், வெற்றிலைகூடப் போடமாட்டார். லிவர் சுருங்கி 68 வயதில் காலமானார். "ரகசியமாகக் குடித்திருப்பாரோ?" என்று காரியத்துக்கு வந்தவர்கள் முணுமுணுத்தது மன்னி காதிலும் விழுந்தது. உண்மையில் அவருக்கு இருந்தது சர்க்கரை வியாதியும் தொப்பையும்தான்.

ஸ்கான் எடுத்ததில் எனக்கு ஃபேட்டி லிவர். டாக்டர் விளக்கினார்: அரிசியும் சர்க்கரையும் செலவாகாமல் மிஞ்சினால், லிவர் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே சேர்த்துக்கொள்ளும். சைவச் சாப்பாடு என்பதால் விலக்கு கிடையாது. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்புச் சுற்றளவு போனால் நம்மவர்கள் உஷாராக வேண்டும்.

இதற்குக் கைகண்ட வைத்தியம் எடையைக் குறைப்பதுதான். 5 சதவிகிதம் குறைந்தால் லிவர் கொழுப்பு கரையத் தொடங்கும். 7 முதல் 10 வரை குறைந்தால் வீக்கமும் தணியும். 78 கிலோ இருந்த நான் எட்டு மாதத்தில், அவசரமில்லாமல், 72க்கு வந்தேன்.

மூன்று கரண்டி சாதம் ஒன்றாயிற்று. அந்த இடத்தைக் கறியும் கூட்டும் பருப்பும் நிரப்பின. ஃபில்டர் காபியை விடவில்லை, சர்க்கரையை விட்டேன். ஏகாதசி பலகாரம் என்று தட்டு நிறைய ரவா உப்புமா சாப்பிடுவதையும் நிறுத்தினேன். மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸில் தினம் 30 நிமிஷம், வாரம் ஐந்து நாள் வேக நடை.

சிநேகிதர் சொன்னார் என்று சீந்தில் கஷாயம் குடித்து வந்தேன். டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு லிவர் பாதித்ததை 2021ல் மும்பை டாக்டர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கஷாயமானாலும் டாக்டரைக் கேளுங்கள்.

இப்போது எஸ்.ஜி.பி.டி. 38. ஆனாலும் என்ஸைம் சரியாக இருப்பதால் மட்டும் லிவர் சுத்தம் என்று சொல்லமுடியாது. சர்க்கரை வியாதியும் தொப்பையும் உள்ளவர்கள், லிவரில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வயது, இரண்டு என்ஸைம், ப்ளேட்லெட் எண்ணிக்கை இவற்றை வைத்தே ஒரு முதல் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஹெபடைடிஸ் பி, சி சோதனைகளும் அவசியம்.

2023ல் உலக நிபுணர்கள் கூடி, இந்நோயின் பெயரிலிருந்து ஆல்கஹால் என்ற சொல்லையே நீக்கினார்கள். இதை மன்னியிடம் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நாலு பேர் காதில் விழறமாதிரி சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். இனி யாருக்காவது லிவர் கோளாறு என்று கேள்விப்பட்டால், தயவுசெய்து முணுமுணுக்காதீர்கள்.