சோர்ந்த மூளையும் தொழிற்சங்கமும்

(குஷாய்குடாவில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



போனஸ் அறிவித்தாலும் தொழிலாளிக்கு ஊக்கம் வருவதில்லை என்பது நிர்வாகங்களின் குற்றச்சாட்டு. முன்பு துடிப்பாக இருந்தவர் இப்போது கூட்டத்துக்கே வருவதில்லை என்பது கிளைகளின் குறை. இரண்டையும் சோம்பல் என்று தள்ளிவிடுவதை அறிவியல் ஏற்கவில்லை.

டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருள் இன்பம் தருவது என்றே பலர் கருதுகின்றனர். அமெரிக்க ஆய்வாளர் ஜான் சலமோன் கண்டது வேறு. டோபமைன் குறைக்கப்பட்ட எலிகள் உணவை முன்போலவே உண்டன. ஆனால் தடுப்பைத் தாண்டினால் கிடைக்கும் கூடுதல் உணவை விட்டுவிட்டு, எளிதில் எட்டிய சிறிதளவோடு நின்றன. ஆசை இருந்தது, அதற்காகப் பாடுபடும் உந்துதல் மங்கியிருந்தது. நீடித்த மனஅழுத்தமும் இந்த உந்துதலைத் தளர்த்தக்கூடும் என்பதை விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

1967இல் செலிக்மனும் மேயரும் இரு குழு நாய்களுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி கொடுத்தனர். பலகையை அழுத்தி அதை நிறுத்த முடிந்தவை பின்னர் தப்பிக்கக் கற்றன. நிறுத்த வழியற்றிருந்தவற்றில் பெரும்பாலானவை, தப்ப வழி கிடைத்தபோதும் படுத்தே கிடந்தன. 2016இல் அவ்விருவரும் தம் விளக்கத்தைத் திருத்தினர்: நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவது மூளையின் இயல்பான எதிர்வினை, தன் செயலால் நிலைமை மாறும் என்பதையே மூளை கற்க வேண்டியுள்ளது.

குஷாய்குடா பேருந்துப் பணிமனைத் தொழிலாளருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2019 அக்டோபர் 5இல் தொடங்கிய தெலங்கானா ஆர்.டி.சி. வேலைநிறுத்தத்தில் சுமார் 48 ஆயிரம் பேர் 52 நாட்கள் நின்றனர். செப்டம்பர் ஊதியம் கிடைக்கவில்லை. பணிக்கு வராதோர் தம்மைத் தாமே நீக்கிக்கொண்டவர்கள் என்றார் அன்றைய முதல்வர் சந்திரசேகர ராவ். போராட்டம் முடிந்தபின், சங்கங்களின் இடத்தில் நலக்குழுக்கள் கொண்டுவரப்பட்டன. தொழிலாளியின் கையிலிருந்த பலகையே அகற்றப்பட்டது.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21இல் 12 மணிநேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் ஒன்றுபட்ட எதிர்ப்பால், மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. செயலால் நிலைமை மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

எனவே, ஒதுங்கிப்போன தோழரைக் கண்டிப்பதால் பயனில்லை. அவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும். ஷிப்ட் அட்டவணை, குடிநீர், கழிவறை என வெல்லக்கூடிய ஒரு கோரிக்கையை அவரோடு சேர்ந்து எடுக்க வேண்டும். சிறு வெற்றியே அடுத்த போராட்டத்துக்கான உந்துதல். அதைத் தருவது கிளையின் கடமை.